வலது பக்கத்து கிடார்

பிளே பட்டனை அழுத்த ஒரு விரல் போதும், அந்த விரல்தான் வரமாட்டேன் என்கிறது. கெசியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அஞ்சரைக்கு முடியும்மா, தூங்கிடாத" என்று சொல்லிவிட்டு பேட்மின்டன் கோர்ட்டுக்குள் ஓடிவிட்டாள். மணி நாலு ஐந்து. ஷெனாய் நகரின் ஞாயிற்றுக்கிழமைத் தெரு, தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் என் கார், கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன், ஏசி மெல்ல ஓடுகிறது, மடியில் ஸ்டுடியோ ஹெட்போன். இதைப் பையிலிருந்து எடுத்தே ஒன்றரை வருஷம் ஆகிறது, காதுமெத்தையின் தோல் உரிந்து கறுப்புத் துகளாக விரலில் ஒட்டுகிறது. ஆல்பம் நாற்பத்திரண்டு நிமிஷம், எனக்குக் கிடைத்திருப்பது எண்பத்தைந்து நிமிஷம், அதனால் நேரமில்லை என்று இன்றைக்கு என்னை நானே ஏமாற்ற முடியாது. ஆறு மணிக்குள் லோகப்பிரியாவுக்குப் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். எந்தத் தைரியத்தில் கொடுத்தேன் என்று தெரியவில்லை. அந்தப் பெண் வியாசர்பாடியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒன்பது பாட்டுகளைப் பதிவு செய்திருக்கிறாள், பேண்டுக்கு 'எதிர் பிளாட்ஃபார்ம்' என்று பெயர், வார நாட்களில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. போன வாரம் ஸ்டுடியோ வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தி, "அக்கா, நீங்கதான் மிக்ஸ் பண்ணணும். நீங்க மாட்டேன்னா இந்தப் பாட்டெல்லாம் எங்க போன்லயே கிடக்கட்டும்" என்றாள். மிக்ஸ் என்றால் குரல், கிடார், டிரம்ஸ் என்று தனித்தனியாகப் பதிவானதையெல்லாம் ஓர் அறையில் உட்கார வைக்கிற மாதிரி, யார் முன்னால், யார் பின்னால், யார் இடப்பக்கம், யார் வலப்பக்கம் என்று இடம் பார்த்து உட்கார வைக்கிற வேலை. பதினாறு வருஷம் நான் செய்த வேலை. இடப்பக்கம் என்கிற ஒன்றே எனக்கு இல்லாமல் போய் ஒன்றரை வருஷம் ஆனது அவளுக்குத் தெரியாது. ஸ்டுடியோவில் ஒருவருக்கும் தெரியாது. என் கணவர் தயாபரனுக்கும் கெசியாவுக்கும் டாக்டருக்கும் தெரியும். அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போது இடது காதில் தண்ணீர் புகுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தேன், கெசியா சிரித்தாள், நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை ஒரு படம் வெளியாக வேண்டும், கடைசி ரீலின் மிக்ஸ் என் கையில். அடுத்த வெள்ளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். எட்டு நாள். ஏன் அன்றைக்கே போகவில்லை. டாக்டர், "மூணு நாளுக்குள்ள வந்திருந்தா ஸ்டீராய்டு நல்லா வேலை செஞ்சிருக்கும்மா. இப்பவும் முயற்சி பண்ணுவோம்" என்றார், முயற்சியும் செய்தார், செவிப்பறையைத் துளைத்து ஊசி, நான்கு தடவை. ஊசி வலித்ததைவிட அவருடைய அந்த 'இப்பவும்' வலித்தது. ஏன் அன்றைக்கே போகவில்லை. படம் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. ஏன் அன்றைக்கே. இந்தக் கேள்வி கார் சக்கரம் சேற்றில் சுற்றுவதைப் போல, எவ்வளவு மிதித்தாலும் அதே பள்ளம், அதே சேறு என் முகத்தில். பள்ளத்தை விட்டு ஏறினால் அங்கே காத்திருப்பது அந்த 'ஙீ'. செத்துப்போன காது சும்மா இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது சும்மா இருப்பதில்லை, பிரஷர் குக்கர் விசில் அடிப்பதற்குச் சற்று முன்னால் மூச்சை இழுக்குமே, அந்தச் சத்தத்தை இருபத்துநாலு மணிநேரமும் போட்டுக்கொண்டிருக்கிறது. ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும், தொழில் புத்தி, அளந்து பார்த்துவிட்டேன். ஸ்டுடியோவில், "மிக்ஸிங் போதும் சார், டப்பிங் ஷெட்யூல் பாத்துக்கறேன், பொண்ணு பத்தாவது வர்றா" என்று சொன்னபோது முதலாளி நம்பினார், என் உதவியாளர்கள் விருந்து வைத்தார்கள், பதவி உயர்வாம். கேக் வெட்டும்போது இடப்பக்கம் நின்றவன் ஏதோ சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் அரை நொடி தாமதமாகச் சிரித்தேன். அப்போதிருந்து எல்லாவற்றுக்கும் அரை நொடி தாமதமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு பாட்டுகூட முழுசாகக் கேட்கவில்லை. வீட்டில் டிவியில் பாட்டு வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன், தயாபரன் சத்தத்தைக் குறைப்பார், அவர் குறைப்பதும் எனக்குப் பிடிக்காது. லோகப்பிரியாவுக்கு 'முடியாது' என்று சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஆல்பத்தைக் கேட்டுப் பார்ப்பது. அது உடைந்து கேட்டால் முடிந்தது, அழுதுவிட்டு போனைப் போட்டுச் சொல்லிவிடலாம்.

'பேல் ஃபெர்ரி' என்று நாலு பேர். எந்தப் பெரிய கம்பெனியும் இல்லாமல், மழை விடாத ஏதோ ஊரில், மீன் வைத்திருந்த கிடங்கில் பன்னிரண்டு நாளில் பதிவு செய்தது என்று உறையில் அவர்களே எழுதியிருந்தார்கள். ஆல்பத்துக்குப் பெயர் 'ரூம்ஸ் வித் நோ க்ளாக்ஸ்'. அழுத்திவிட்டேன். விரல்தான் அழுத்தியது, நான் இல்லை. முதலில் ஆம்ப்ளிஃபையரின் உறுமல், அது வந்தது, வலது பக்கம் மட்டும், ஓர் ஆள் அகல அறை போல. அடுத்து கிடார். எங்கே கிடார்? இந்த இடத்தில் அந்தத் தனிக்கிடார் மேலேயிருந்து இறங்கி வர வேண்டும், இந்த ஆல்பத்தின் முகமே அதுதான், நூறு பேருக்கு நான் போட்டுக் காட்டி, "பாருங்க, இடது ஓரத்துல எப்படி உக்கார வெச்சிருக்கான்" என்று சொல்லியிருக்கிறேன். இடது ஓரம். அங்கே இப்போது 'ஙீ' மட்டும். குரல் வருகிறது, குரல் நடுவில் இருப்பதால் பாதியாவது வந்து சேர்கிறது, பின்னால் வலது ஓரத்தில் இன்னொரு கிடாரை யாரோ ஒருவர் இரண்டே ஸ்வரங்களில் வெறுமனே தடவிக்கொண்டிருக்கிறார், பாட்டு ஒற்றைச் செருப்போடு நடக்கிறது. நிறுத்திவிடலாம், பரீட்சை முடிந்தது, கேள்வித்தாளைப் பார்த்ததுமே முடிந்தது. அப்போது ஜன்னலில் டொக் டொக். கோர்ட் வாட்ச்மேன் கன்னியப்பன், வாய் அசைகிறது, நான் ஹெட்போனைக் கழற்றிக் கண்ணாடியை இறக்கினேன். "மேடம், வண்டியக் கொஞ்சம் முன்ன எடுங்க, கேட்டத் தொறக்கணும். எவ்ளோ நேரமாக் கூப்புடுறேன், காதுல வுழலியா?" "இல்லண்ணா. ஒரு காது கேக்காது" என்றேன். ஒன்றரை வருஷத்தில் வெளியாள் ஒருவரிடம் முதல் தடவையாகச் சொல்கிறேன், இப்படி வாய்தவறிச் சொல்வேன் என்று நினைக்கவே இல்லை. அவர் முகத்தில் பரிதாபம் எதுவும் வரவில்லை. "எந்தப் பக்கம்?" என்றார். "இடது." "அப்ப நான் அந்தாண்ட வந்து கூப்புட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், "வாங்க வாங்க, இன்னும் வாங்க, போதும்" என்று கையை அசைத்தார். டிரைவர் ஜன்னல் வலப்பக்கம்தானே இருக்கிறது, அவர் முதலில் தட்டியதே கேட்கிற பக்கத்தில்தான், ஹெட்போன் போட்டிருந்ததால்தான் கேட்கவில்லை, இது எதையும் நான் அவரிடம் விளக்கவில்லை. அவ்வளவு சுலபமாக இருந்தது அது. எந்தப் பக்கம், சரி, நான் அந்தப் பக்கம் வருகிறேன். ஒன்றரை வருஷமாக நான் கட்டிக் காத்த ரகசியத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது மூன்று நொடி.

கார் பத்தடி முன்னால் நிற்கிறது, பாட்டு ஹெட்போனுக்குள் தனியாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, மறுபடி மாட்டியபோது மூன்றாவது பாட்டு. அதே வலது கிடார், அதே இரண்டு ஸ்வரங்கள். முதல் ஸ்வரத்தை அழுத்தி அடிக்கிறார், இரண்டாவதைத் தொட்டும் தொடாமலும், நடுவில் விரல் கம்பியில் உராயும் கீச்சு. இந்தக் கீச்சு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்? ஸ்பீக்கரில் கேட்கும்போது தனிக்கிடாரின் சத்தத்தில் இது அமுங்கிப் போய்விடும், பதினாறு வருஷ ஸ்டுடியோ வாழ்க்கையில் நான் இதைக் கவனித்ததே இல்லை, ஆனாலும் தெரியும், அடுத்த கீச்சு எப்போது வரும் என்றுகூடத் தெரியும், இதோ, வந்துவிட்டது. வெயில். சிமெண்ட் தண்ணீர்த் தொட்டியின் நிழல். முழங்காலில் உரசும் பாவாடை. கோயம்புத்தூர் ஹாஸ்டல் மொட்டைமாடி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்தில் உமையாள். காரைக்குடிப் பெண், இரண்டாம் வருஷத்திலிருந்து என் அறைத்தோழி, அமெரிக்காவில் இருந்த அவள் மாமா பையன் அனுப்பிய, இந்த ஆல்பத்தையும் சேர்த்து மூன்று சிடிக்களையும் ஒரு டிஸ்க்மேனையும் புடவைக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுவந்தவள். பென்சில் பேட்டரி தீர்ந்தால் வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு பாட்டு ஓட்டுவோம். இருந்தது ஒரே ஒரு இயர்ஃபோன். ஆளுக்கு ஒரு முனை. அவள் எப்போதும் என் இடப்பக்கம் உட்காருவாள், இடது அவளுக்கு, வலது எனக்கு. வலது எனக்கு! ஐயோ. ஒரு வருஷம் முழுக்க, நூறு தடவையோ இருநூறு தடவையோ, நான் இந்த ஆல்பத்தின் வலது பாதியை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அந்தத் தனிக்கிடார் என் காதில் அப்போது விழுந்ததே இல்லை. உமையாள் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி காயப் போடுவாள், "என்னடி அது?" என்பேன், "மூணாவது பாட்டுல வர்ற கிடாருடி" என்பாள், "அப்படி ஒண்ணு அந்தப் பாட்டுலயே கிடையாது" என்று நான் அடித்துச் சொல்வேன், "ஒனக்குக் காது செவிடாடி?" என்று அவள் கத்துவாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்திருக்கிறோம். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் கழித்து யாரோ ஒருவர் வீட்டு ஸ்பீக்கரில் முழுசாகக் கேட்டபோதுதான் அவள் சொன்னது உண்மை என்று தெரிந்தது, சிரித்தேன், அவளுக்குக் கடிதம் போட்டேன், பிறகு மறந்தும் போனேன். எதை மறந்தேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, வீட்டில் அத்தனை பேரையும் எதிர்த்துக்கொண்டு, சவுண்ட் வேலைக்கு வந்தேனே, அந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தது இந்தப் பாதி. இந்த இரண்டு ஸ்வரம், இந்தக் கீச்சு, இந்த ஒற்றைக் காது. நான் காதலித்ததே பாதியைத்தான். அதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை, அது பாதி என்பதே தெரியவில்லை, அதை முழுசு என்று சத்தியம் செய்து சண்டை போட்டிருக்கிறேன்.

ஆல்பத்தை முதலிலிருந்து போடுகிறேன், இந்தத் தடவை விரலுக்கு நானே உத்தரவு கொடுத்தேன். இப்போது கேட்கிறது. முதல் இரண்டு பாட்டில் டிரம்ஸே கிடையாது, வலது கிடார்தான் தாளத்தையும் சுமக்கிறது, அதனால்தான் அந்த அழுத்தி அடிக்கிற ஸ்வரம், தடவுகிறார் என்று நினைத்தேனே, இல்லை, அவர் சுமந்துகொண்டிருக்கிறார். டிரம்ஸ்காரர் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அறையில் இருக்கிறார் என்று மட்டும் தெரிகிறது, ஸ்னேர் டிரம்மின் அடியில் கட்டியிருக்கும் கம்பிகள் கிடாரின் அதிர்வுக்கு லேசாகக் கிறுகிறுக்கின்றன. ஏழு நிமிஷம் ஒருவன் தன் வாத்தியத்தின் முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறான், பிறகு மூன்றாவது பாட்டின் இரண்டாவது அடியில் உள்ளே வருகிறான், வந்ததும் வீட்டுக்குக் கரண்ட் வந்தது போல இருக்கிறது. இந்தப் பொறுமைதான் அந்த ஆல்பம். இதை இத்தனை நாள் இடது ஓரத்து அழகு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேனே, ஸ்டுடியோப் பிள்ளைகளே, மன்னித்துக்கொள்ளுங்கள். போனின் செட்டிங்ஸில் மோனோ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே காதில் கொண்டு வந்து கொடுக்கும், டாக்டர் சொன்னபோது எனக்கு அவமானமாக இருந்தது, அதைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது போட்டேன். தனிக்கிடார் வந்தது. வலது கிடாருக்குப் பின்னாலிருந்து, தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது மாதிரி, உமையாள் முணுமுணுத்த மாதிரியே கொஞ்சம் மூக்கால். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அரை நொடிகூடத் தாமதம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று விழுந்தும் இரண்டும் அடித்துக்கொள்ளவில்லை, ஏன் என்றால் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடுகிறார், இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரித்து வைத்ததால் வந்த அழகு இல்லை அது, வாசிக்கும்போதே அவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டிருக்கிறார்கள். ஸ்டுடியோவில் நானே கத்துவேனே, "மொதல்ல மோனோவுல போட்டுப் பாரு, அங்க நிக்காத மிக்ஸ் எங்கயும் நிக்காது" என்று. எல்லோருக்கும் சொன்னேன், எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த சிடியையும் தேடினேன், ஒரு பெண் தன் அடுக்களையில், நாலே நாலு தடம் மட்டும் பதியும் சின்ன ரெக்கார்டரில் தனியாகப் பதிவு செய்தது, உமையாளுக்கு உயிர், எனக்கு அப்போது பிடிக்காது, "என்னடி, தூங்கி எழுந்து பாடுற மாதிரி இருக்கு" என்பேன். அதில் ஆறாவது பாட்டின் நடுவில் ஒரு நாற்காலி கிரீச்சிடும், அவள் அதை வெட்டவில்லை, அந்த கிரீச்சுக்குப் பிறகு அவள் குரல் ஓர் அங்குலம் பக்கத்தில் வந்துவிடுகிறது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்காருகிறாள், இருபத்தைந்து வருஷம் கழித்து இப்போதுதான் உட்காருகிறாள். உமையாள், நீதான்டி சரி. இரண்டு தடவையும் நீதான் சரி. மூன்றாவது சிடி வெறும் இரைச்சல், அதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் தெரியவில்லை, இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன், நிறுத்தியதும் சந்தோஷமாக இருந்தது, பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரிகிறதே, காது வேலை செய்கிறது. அந்த 'ஙீ'? இருக்கிறது. எல்லாப் பாட்டுக்கும் பின்னால் அதுவும் நின்றுகொண்டிருக்கிறது, போகாது, டாக்டர் சொல்லிவிட்டார். நிற்கட்டும். ஏன் அன்றைக்கே போகவில்லை என்பதும் இருக்கிறது. இரண்டும் நிற்கட்டும், நான் வேலையைப் பார்க்கிறேன்.

மணி ஐந்து பத்து. லோகப்பிரியா முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். "அக்கா, சொல்லுங்கக்கா." மூச்சு வாங்கினாள், கையில் போனோடுதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். "ஒரு விஷயம் சொல்லணும். கேட்டுட்டு நீ முடிவு பண்ணு" என்றேன். "எனக்கு இடது காது கேக்காது. கொஞ்சங்கூட. ஒன்றரை வருஷமாச்சு. அதனாலதான் மிக்ஸிங்க விட்டேன்." மறுமுனையில் எங்கோ ஒரு பேருந்து ஹாரன். பிறகு அவள் குரல் வந்தது, தயங்கி, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அப்ப இடது வலது எல்லாம் எப்படி வெப்பீங்க?" நல்ல கேள்வி. அவள் பரிதாபப்படாமல் இதைக் கேட்டது எனக்குப் பிடித்தது, பாட்டுக்காரி, தன் பாட்டைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். "மொத்தத்தையும் மோனோவுல கட்டி நிறுத்துறேன். யாரு எப்பப் பேசணும், யாரு எப்ப வாயை மூடணும், அது எல்லாம் என் வேலை. கடைசியா ரெண்டு பக்கமும் பிரிக்கறப்ப நீ என் இடப்பக்கம் உக்காரணும். உனக்கு என்ன கேக்குதுன்னு நீ சொல்லு, நான் சரியா தப்பான்னு சொல்றேன். சண்டை வரும். பரவால்ல." "எங்க டிரம்மர் ஒத்துக்கணுமேக்கா" என்றாள். "ஒத்துக்க வேணாம். ஏதாவது ஒரு பாட்டுல அவரு பாதி நேரம் சும்மா உக்காரப் போறாரு, அதுக்கே சண்டைக்கு வருவாரு" என்றேன். அவள் குபீரென்று சிரித்தாள். "அதத்தாங்கா நான் ஆறு மாசமா அவன்கிட்ட சொல்லிட்டிருக்கேன்! எப்ப ஆரம்பிக்கலாம்?" "நாளைக்குச் சாயங்காலம், உன் லேப் முடிஞ்சதும். முதல் பாட்ட இப்பவே அனுப்பு, பச்சையா, எதுவும் பண்ணாம." போனை வைத்தேன். முதலாளியிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும், உதவியாளர்களிடமும் சொல்ல வேண்டும், ஒவ்வொருவர் முகமும் எப்படி மாறும் என்று தெரியும், மாறட்டும், எந்தப் பக்கம் என்று கேட்கத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பாட்டு வந்து விழுந்தது. ஹெட்போனை எடுத்துவிட்டுக் கார் ஸ்பீக்கரிலேயே போட்டேன். குரல் ரொம்பப் பின்னால் இருக்கிறது, கூச்சம், அவளை இழுத்து முன்னால் நிறுத்த வேண்டும், பேஸ் கிடார் அழகாக வாசிக்கிறது, யாரும் அதற்கு இடம் விடவில்லை, இரண்டாவது சரணத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், அதில் இருவரை வெளியே அனுப்பலாம், அனுப்பினால் அந்த வரி, "வண்டி போன பின்னும் நிக்கிறேன்" என்கிற வரி, வெட்டவெளியில் தனியாக நிற்கும், கடவுளே, நிற்கும், எனக்கு இப்போதே கேட்கிறது. பையில் பேனா தேடி, பேட்மின்டன் ரசீதின் பின்னால் எழுத ஆரம்பித்தேன், இடம் போதாமல் ஓரங்களிலும் எழுதினேன். வலப்பக்கக் கதவு திறந்தது, வியர்வையும் பவுடருமாக கெசியா, நான் இருப்பது டிரைவர் சீட் என்று தெரிந்தும் என் பக்கமாகவே வந்து நின்று பேசுகிறாள், இந்தப் பெண் எத்தனை நாளாக இப்படி வலப்பக்கம் வந்து பேசுகிறாள், நான் கவனிக்கவே இல்லை. "அம்மா, நீ பாட்டா கேக்குற?" என்றாள், கண் விரிய. பிறகு தலையை உள்ளே நீட்டி ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "யாரு பாட்டும்மா இது? நல்லா இருக்கே" என்றாள். "நான் மிக்ஸ் பண்ற ஆல்பம்" என்றேன். அவள் காரைச் சுற்றி ஓடிப் போய் மறுபக்கம் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினாள். நான் நாலு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன்.